போதும் என்றால் போதும்

கரண்டி என் தட்டுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. கெம்போங் மீன் கறி. காலையில்தான் தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த மீன். மாங்காய்த் துண்டு வேறு மிதக்கிறது. முதல் கரண்டி விழுந்ததும் பழக்க தோஷத்தில் "போதும், போதும்" என்று சொல்லி வைத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் யார்தான் சொல்லமாட்டார்கள்? டாக்டர் பிரேமாவதி கரண்டியைச் சட்டியில் போட்டார், மூடினார், சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் கணவர் லோகேஸ்வரனின் தட்டில் கறி குளம் கட்டி நின்றது. என் தட்டில் சோறு பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது. அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அண்ணே, இந்த வீட்ல அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. வயிறு நெறையற வரைக்கும் வாயத் தொறக்காம இருங்க. நான் ரெண்டு வருசமா அப்படித்தான் பொழைக்கிறேன் லா."

பத்திரிகைக்காக ஒரு டாக்டரைப் பற்றி எழுத வந்தவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு. பசியோடு கேட்டதாலோ என்னவோ, கணவனும் மனைவியும் அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

பிரேமாவதி, பிறந்த குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவர். கெடாவில் ஒரு நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில், நாள் கணக்குக்கு முன்னால் அவசரப்பட்டு வந்துவிட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் வார்டு அவருடைய ராஜ்யம். ஐம்பதை நெருங்குகிறார். ஆள் குள்ளம், நடை மட்டும் நெட்டையான ஆளின் நடை; பின்னால் வரும் இளம் டாக்டர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் வரவேண்டும். வார்டுக்குள் காலில் பச்சை ரப்பர் செருப்பு, தலையில் பூனைப் படம் போட்ட துணித் தொப்பி. கைகள் மிகச் சின்னவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையுறையே அவருக்குப் பெரிசாக இருக்கும் என்று வார்டில் கேலி பேசுவார்கள். அந்தக் கைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஒரு கிலோ மீன் அளவுகூட இல்லாத பிள்ளையின் வாய்க்குள் வேலை பார்க்கப் பெரிய கை உதவாது.

வேலை இதுதான். சில பிள்ளைகளுக்குப் பிறந்ததும் மூச்சுவிடத் தெம்பு இருக்காது. அப்போது வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கி, அதன் வழியாகக் காற்றுக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. தொண்டைக்குள் பார்த்தால்தான் தெரியும் சங்கதி என்றார் பிரேமாவதி.

"ரெண்டு வாசல் அண்ணே. ஒன்னு காத்துக்கு, ஒன்னு பாலுக்கு. லயத்து வீடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அவசரத்துல பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிட்டா முடிஞ்சுது. காத்து பூரா வயித்துக்குப் போவும், பாப்பா நீலமாயிரும்."

சரியான வாசலில் நுழைந்தாலும் தொல்லை தீராது. ரொம்ப உள்ளே போய்விட்டால் ஒரு நுரையீரலுக்கு விருந்து, இன்னொன்று பட்டினி. இதற்கெல்லாம் அளவு இருக்கிறது, பார்த்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. மிகப் பெரிய ஆபத்து வேறு. வாசலைத் தேடிக்கொண்டிருக்கிற நேரம் முழுக்கப் பிள்ளைக்கு மூச்சு கிடையாது. அதனால் அரை நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்து, பிள்ளை தேறின பிறகுதான் மறுபடி. ஆனால் தேடுகிறவருக்கு நேரம் தெரியாது. இதோ தெரிகிறது, இதோ வந்துவிட்டது என்றே தோன்றிக்கொண்டிருக்கும். கடையடைக்கும் நேரத்தில் சாவியைத் தொலைத்தவனைப் போலத்தான். பக்கத்தில் நிற்கிற ஒருவர்தான் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவர் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வார்டில் திவாகரன் என்ற இளம் டாக்டர் ஒரு பிள்ளைக்குக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் தலைமை நர்ஸ் ஜைனப். நேரம் தாண்டியதும் ஜைனப் "போதும்" என்று சொன்னார். திவாகரன் எடுக்கவில்லை. பிள்ளை நீலமாகி, இதயம் நின்று நின்று துடிக்க ஆரம்பித்துவிட்டது. பிரேமாவதி ஓடிவந்து திவாகரனைத் தோளால் இடித்துத் தள்ளி, முகமூடியை வைத்து அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிள்ளை தப்பித்தது. இப்போது கோத்தா கோலா மூடாவில் கடற்கரையில் நண்டு துரத்துகிறதாம்.

அன்று பிரேமாவதி இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஜைனப், சொன்னேன் என்றார். திவாகரன், காதில் விழுந்தது என்றார். அப்புறம் ஏன் எடுக்கவில்லை? திவாகரன் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"ஜைனப் அக்கா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன் டாக்டர். இன்னும் ஒரு வாட்டி பாத்துட்டு எடுத்துறலாம்னு."

பிரேமாவதிக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் முழுக்க வார்டில் யாரும் தேவையில்லாமல் வாயைத் திறக்கவில்லை. காது கேட்கிற ஆள், படித்த ஆள், நல்ல பையன் வேறு. போதும் என்ற வார்த்தை அவனுக்கு எப்படிப் புரியாமல் போயிற்று என்று இவருக்குப் புரியவில்லை.

புரிந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பீடோங் பக்கத்தில் ஒரு கோயில் டேவான் மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு. வாழை இலை. பாயச வாளியோடு வந்த பையனிடம் பிரேமாவதி "போதும் தம்பி" என்று இலையின் மேல் கையை விரித்தார். "அட சாப்புடுங்கக்கா, ஒரு கரண்டிதானே" என்று அவன் விரல் இடுக்கு வழியாகவே ஊற்றிவிட்டுப் போனான். கையில் பாயசம் வழிய அவர் பந்தியைப் பார்த்தார். வரிசை முழுக்க ஒரே போதும் போதும். ஒரு கரண்டியும் நிற்கவில்லை. நிற்காததில் ஒருவருக்கும் வருத்தமும் இல்லை. முதல் போதும் என்றால் இன்னும் ஊற்று, இரண்டாவது போதும் என்றால் கொஞ்சம் ஊற்று, எழுந்து இலையை மூடினால்தான் ஒருவேளை போதும். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் வார்டில் மட்டும் வேறு மாதிரி கேட்பானா?

பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போய் ஜைனப்புக்குப் போன் போட்டிருக்கிறார். நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாராம். ஜைனப், எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டிருக்கிறார். "பிள்ளைக்கு இல்லக்கா, நம்ம எல்லாருக்கும்" என்று பதில். இலையில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரன் மனைவியின் பங்கு பாயசத்தையும் சேர்த்துச் சாப்பிட்டதாகப் பெருமையோடு சொல்கிறார். அதுதான் அவர் கடைசியாக நிம்மதியாகச் சாப்பிட்ட பாயசம்.

மறுநாளே வார்டில் சட்டம் வந்தது. குழாய் இறக்கும்போது ஒருவருக்கு நேரம் பார்ப்பது மட்டும்தான் வேலை. அவர் சொல்கிற முதல் சொல்லுக்கே கை வெளியே வரவேண்டும். எடுத்த கை மறுபடி உள்ளே போகக் கூடாது. அடுத்த முறை வேறொருவர் கை. வார்டில் மலாயும் சீனமும் தமிழும் கலந்துதான் ஓடும். மலாய் நர்ஸ்கள் "சுக்குப்" என்பார்கள், நம்மவர்கள் "போதும்" என்பார்கள். மலாய்க்காரர் வீட்டு விருந்திலும் "தம்பா, தம்பா" என்று தட்டை நிரப்பிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதால் சட்டம் எல்லோருக்கும் பொது.

சட்டம் போட்டால் போதுமா, வாய் வரவேண்டாமா? பெரிய டாக்டரைப் பார்த்து நிறுத்து என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு நாக்கு எழும்? அதற்குப் பயிற்சி வைத்தார். பிறந்த குழந்தை அளவில் ஒரு ரப்பர் பொம்மை வார்டில் இருக்கிறது. ஆடேக் என்று பெயர். மலாயில் தம்பிக்கும் அதுதான், தங்கைக்கும் அதுதான். பிரேமாவதி ஆடேக்கின் வாயில் விளக்குக் கருவியை விட்டுக்கொண்டு, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி குடைந்துகொண்டே இருப்பார். நர்ஸ் அவரை நிறுத்த வேண்டும். முதல் நாள் ஒரு நர்ஸ், மன்னிக்கணும் டாக்டர் என்று ஆரம்பித்து, நேரம் கொஞ்சம் ஆகிவிட்டதாகத் தனக்குத் தோன்றுவதாகவும், தொந்தரவாக நினைக்காவிட்டால் ஒரு விஷயம் சொல்லலாமா என்றும் இழுத்தாராம். பிரேமாவதி பொம்மையைக் கீழே வைத்தார்.

"பாப்பா செத்துப் போச்சு. அடுத்தவங்க வாங்க."

அன்று சாயங்காலத்துக்குள் ஆடேக் எத்தனை முறை செத்தது என்பதற்குக் கணக்கில்லை. கூட்ட வந்த அம்மாள் சாவுச் செய்தியாகவே கேட்டு மிரண்டு, வெளியே போய்ச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள்.

எல்லோரையும்விட மோசம் ஹனான். புதிதாகச் சேர்ந்த நர்ஸ், கோலா கெடாக்காரப் பெண். அவள் குரல் தொட்டாற்சிணுங்கி. யாராவது பார்த்தாலே உள்ளே போய்விடும். அப்பா நூர்தீன் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வந்தவர் வாயைத் திறக்குமுன் இன்னொரு கரண்டி ஊற்றிவிடுவதால் பேர்போன கடை. அந்தக் கடையில் வளர்ந்தவள் போதும் சொல்வதா? பயிற்சியில் டாக்டரின் முழங்கையை லேசாகத் தொடுவாள். தொட்டால் கொஞ்சுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன், வாய் எங்கே என்று பிரேமாவதி கேட்பார். வீட்டில் பழகு என்று அனுப்பினார். ஹனான் சொல் தட்டாத பெண். கடையில் அப்பா கறி ஊற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "போதும்" என்று சொல்லிப் பழகியிருக்கிறாள். மூன்றாம் நாள் நூர்தீன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பிள்ளையை நர்ஸ் வேலைக்குத்தான் அனுப்பினேன், என் வியாபாரத்தில் மண்ணைப் போடவா அனுப்பினேன் என்று டாக்டரிடம் வருத்தப்பட்டார். அப்படியும் வார்டில் அவள் குரல் எழும்பவில்லை.

ஆடேக் வார்டில் மட்டும் இருக்கிற ஆள் இல்லை. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போய்ச் சொல்லிக்கொடுப்பதற்காக டாக்டரின் காடியில் பின்சீட்டில் சவாரி போகும். வெயில் பட்டால் ரப்பர் இளகிவிடும் என்று ஒரு துண்டைப் போர்த்தி, உருளாமல் இருக்க பெல்ட்டும் மாட்டியிருப்பார். ஒருநாள் கோலா கெடா மீன் சந்தைக்கு வெளியே காடியை நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போயிருக்கிறார். பிரேமாவதி மீன் பேரம் பேசினால் கப்பல் கரை சேர்ந்துவிடும். திரும்பி வந்தால் காடியைச் சுற்றிக் கூட்டம். கண்ணாடி உடைந்து கிடக்கிறது. மீன் கூடை தூக்கும் முருகையா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் முழங்காலிட்டு, பொம்மையின் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். பூட்டிய காடிக்குள் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போன தாயைக் கூட்டம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறது.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடிக்காகச் சண்டை பிடித்திருப்பார்கள், அல்லது வெட்கப்பட்டு ஓடியிருப்பார்கள். பிரேமாவதி மீன் பையைக் கீழே வைத்துவிட்டு முருகையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா ஊதுறீங்க அண்ணே. ஆனா தலைய ரொம்பப் பின்னால சாச்சிட்டீங்க. காத்து உள்ள போவாது. இப்படி, நேரா."

முருகையாவுக்கு அது பொம்மை என்று அதுவரை தெரியாது. தெரிந்த பிறகும் சரியாக ஊத வரும்வரை டாக்டர் அவரை விடவில்லை. கூட்டத்தில் திட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முறை ஊதிப் பார்த்தார்கள். முருகையா இப்போது அந்தச் சந்தையில் ஏறக்குறைய ஒரு டாக்டர். பிரேமாவதிக்கு நல்ல மீனாக எடுத்து வைப்பவரும் அவர்தான்.

உறவுக்காரர்களிடம் இந்தச் சட்டம் அவ்வளவு இனிப்பாக முடியவில்லை. லோகேஸ்வரனின் அண்ணன் மகள் ரூபினியின் கல்யாணத்தில் பிரேமாவதி தானே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கினார். ஊருக்கே போதுமின் பொருளைக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று முடிவு. முதல் போதும் காதில் விழுந்ததும் கரண்டி நிற்கும், ஆள் அடுத்த இலைக்குப் போய்விடுவார். கௌரவத்துக்கு ஒரு போதும் சொல்லிவிட்டு இரண்டாவது கரண்டிக்குக் காத்திருந்தவர்கள் திகைத்துப்போய் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரனுக்குச் சித்தப்பா முறையாகிற முனியாண்டி, பாயசம் ஊற்றுவதற்கு முன்னாலேயே, வாளியைத் தூரத்தில் பார்த்தபோதே போதும் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் இலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. மருமகள் பந்தியில் அவமானப்படுத்திவிட்டாள் என்று தாம்பூலம்கூட வாங்காமல் போய்விட்டார்.

சமாதானம் பேசப் பெரிய தூக்குச் சட்டியில் பாயசம் எடுத்துக்கொண்டு பிரேமாவதி அவர் வீட்டுக்கே போனார். முனியாண்டி இளகிவிட்டார். ஒரு கரண்டி ஊற்றியதும், "போதும்மா" என்றார். பிரேமாவதி தூக்குச் சட்டியை மூடிவிட்டார். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்கிற இந்த அம்மா, தான் நிறுத்துவாரா? பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பேரம் பேசினால் நிறுத்தமாட்டார். போனை வைக்கிறேன் என்று சொன்ன பிறகு அரை மணி நேரம் பேசுவார். கேட்டதும் லோகேஸ்வரன் தோளைக் குலுக்கினார். அந்த வீட்டில் பேச்சுக்குப் போதும் சொல்லிப் பார்த்துத் தோற்றவர் அவர்.

ஜைனப்பிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக வார்டில் எல்லோருடைய கையும் முதல் சொல்லுக்கு வெளியே வருகிறது, பிள்ளைகள் முன்னைப்போல் நீலமாவதில்லை என்றார். ஆனால் பிரேமாவதிக்கு மட்டும் இதுவரை யாரும் சொல்ல வேண்டி வந்ததில்லை. அவர் கைக்கு வாசல் உடனே கிடைத்துவிடும்.

"ஒரு நாள் கெடைக்காம போவும். அன்னிக்கு டாக்டர் எடுக்கலன்னா, மறுநாள்லேருந்து யாரும் எடுக்க மாட்டாங்க. பெரியவங்க செய்றதத்தானே சின்னவங்க செய்வாங்க. அப்புறம் பழைய கததான்."

அந்த நாள் நான் வார்டில் இருந்தபோதே வந்தது. அனுமதி வாங்கி, மேலங்கி மாட்டி, கை கழுவும் தொட்டிப் பக்கம் மூலையில் நிற்க வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். பிரசவ அறையிலிருந்து, அப்போதுதான் பிறந்த பெண் பிள்ளை ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். தோட்டத்து ஜோடியின் முதல் பிள்ளை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பன் நின்றான். வேலைக்குப் போட்டிருந்த பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை. பிள்ளை என் உள்ளங்கையிலும் முன்கையிலுமாக அடங்கிவிடும். அழவில்லை. முகமூடி வைத்துக் கொடுத்த காற்றில் கொஞ்சம் சிவந்தது, ஆனால் தானாக மூச்சு வரவில்லை. குழாய் இறக்கித்தான் ஆக வேண்டும். பிரேமாவதி குனிந்தார். நேரம் பார்க்கிற முறை அன்று ஹனானுக்கு.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இதயத் துடிப்பைக் காட்டும் திரையிலிருந்து வருகிற சத்தம் தெரியும். வேகமாக வந்துகொண்டிருந்த டிக் டிக் மெல்ல இடைவெளி விட ஆரம்பித்தது. டாக்டரின் தலை இன்னும் தாழ்ந்தது. தொப்பியில் இருந்த பூனைகள்தான் எனக்குத் தெரிந்தன. வாசல் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை செத்துவிடுமோ என்று பயந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஹனான் கடிகாரத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போதும்."

சின்னக் குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பிரேமாவதியின் கை வெளியே வரவில்லை.

"தெரியுது, தெரியுதும்மா. இதோ, ஒரே ஒரு..."

திவாகரன் நிமிர்ந்து பார்த்தார். ஜைனப் முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் ஹனான் முந்திவிட்டாள். இந்த முறை குரல் கோலா கெடாவில் படகைக் கூப்பிடுகிற குரல்.

"போதும். கைய எடுங்க."

கை வந்துவிட்டது. சுட்டதுபோல் வந்தது. ஜைனப் முகமூடியை வைத்துப் பையை அமுக்கினார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தம் மெல்ல மெல்ல நெருங்கி, பழையபடி ஓட ஆரம்பித்தது. சாம்பல் பூத்திருந்த உதடு சிவந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இப்போது என்ன சொல்வார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த வார்டில் அவர் கைக்கு மேல் ஒரு கை கிடையாது. வாசலைப் பாதி பார்த்தும்விட்டார். இன்னொரு முறை நானே என்று சொன்னால் மறுக்க ஆள் இல்லை.

"வேற கை" என்றார் பிரேமாவதி. "திவாகரன், நீங்க வாங்க."

கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து, நான் நின்ற தொட்டிப் பக்கம் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதனால் மற்றவர்கள் பார்க்காததை நான் பார்த்தேன். இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. திவாகரன் குனிந்ததும் வலது கையின் விரல்கள் தாமாக அசைந்தன. இன்னும் கொஞ்சம் மேலே, இப்போது மெல்ல, என்று காற்றில் வேலை பார்த்தன. இடது கை விடவில்லை. உதவி சொல்லக்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. பேச்சை நிறுத்தத் தெரியாத அந்த அம்மா அவ்வளவு நேரம் சும்மா நின்றதை நான் சொன்னால் லோகேஸ்வரன் நம்பப்போவதில்லை.

திவாகரன் நிமிர்ந்தார். குழாயின் முனையில் ஒரு சிறிய வில்லையை மாட்டினார்கள். பிள்ளையின் மூச்சு பட்டால் அது ஊதாவிலிருந்து மஞ்சளாகும். பக்கத்து வீட்டு வாசலாக இருந்தால் ஊதாவாகவே இருக்கும். ஒரு மூச்சு. ஊதா. இன்னொரு மூச்சு. பிறகு பூசணிப்பூ மாதிரி மஞ்சளித்தது. ஜைனப் நெஞ்சின் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அளவைச் சரிபார்த்து, உதட்டோரம் குழாயை ஒட்டினார்கள். யாரோ போய்க் கதவைத் திறந்து, பூட்ஸ் போட்ட அந்த அப்பனிடம் ஏதோ சொன்னார்கள். அவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஹனான் எங்கள் பக்கம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையை எடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னதை இப்போதுதான் அவளே கேட்டதுபோல் இருந்தது. மன்னித்துவிடுங்கள் டாக்டர் என்று முணுமுணுத்தாள். பெரியவர்களிடம் செய்கிற வழக்கப்படி, டாக்டரின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வதற்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பிரேமாவதி முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்துக் கொடுத்தார். குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் ரத்தம் கட்டினாற்போல் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஹனான் நிமிர்ந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிரேமாவதி அந்தச் சிவந்த மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பி, அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.